திருவிழாக் குப்பையும் தீ யந்திரமும்



வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் திருவிழா, மருத்துவ முகாம், வெள்ள முகாம் முதலியவை நடந்து முடிந்தவுடன் அங்கு மலை மலையாய்க் கிடக்கும் குப்பையை என்ன செய்வது என்கின்ற பேச்சு வரும்போதெல்லாம், சில அன்பர்கள் ஒரு பரிகாரம் சொல்லுகிறார்கள். அதாவது, சக்கரம் வைத்த எரி உலை ஒன்றை, இன்சினரேட்டர் என்கிறார்களே அதை, வாங்கி, கூட்டம் கூடுகின்ற இடத்திற்கெல்லாம் இழுத்துக்கொண்டு போய், குப்பையை அதில் போட்டுக் கொளுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதாகும்.

இந்தப்படிச் சொல்லுகிறவர்களில் பக்தர்களும் இருக்கிறார்கள், நம்மவர்களும் இருக்கிறார்கள். பக்தர்கள் சொல்லுவதைப் பற்றி நமக்கு ஆச்சரியமில்லை. நெருப்பில் போட்டதெல்லாம் பரிசுத்தமாகிவிடும் என்பது அவர்களுடைய பழைய பாடம். நெருப்புக்குப் 'பாவகன்', அதாவது சுத்தம் செய்கிறவன், என்று பேரே வைத்திருக்கிறார்கள். ஆனால் பகுத்தறிவு பேசுகின்ற நம்மவர்களும் அதே பாட்டைப் பாடுவதுதான் நம்மை இதை எழுதும்படி செய்தது. யாகத்தில் நெய்யைக் கொட்டினால் மழை வரும் என்பதைக் கேட்டுச் சிரிக்கின்றவர், யந்திரத்தில் குப்பையைக் கொட்டினால் குப்பையே இல்லாமல் போய்விடும் என்பதைக் கேட்டு மாத்திரம் தலையாட்டுவானேன்? இரும்பினால் செய்யப்பட்டது என்பதனாலேயே ஒரு காரியம் பகுத்தறிவுக்கு ஒத்ததாகிவிடுமா?

முதலில் குப்பை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

வில்லியனூரில் திருக்காமேசுவரர் கோவில் தேர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய கவர்னரே வந்து அந்தத் தேரின் வடத்தைப் பிடித்து இழுப்பது வழக்கம். பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. இப்போதும் துணைநிலை ஆளுநராக வருகிறவர்கள் வடம் பிடிக்கிறார்கள். அதே ஊரில் லூர்து மாதா கோவில் திருவிழாவிற்குப் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் நடந்தும் வண்டியேறியும் வருகிறார்கள். பக்கத்திலே சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி. அங்கே மாசி மகத்தன்று ஆயிரக் கணக்கில் கூடுகிறார்கள். பாகூரில் மூலநாதர் கோவில். இவையல்லாமல் கிராமத்திற்குக் கிராமம் தீமிதி, செடல், கூழ் வார்த்தல் என்று கணக்கில்லை. சாமிகள் வேறு வேறாக இருக்கலாம். ஒருவர் சாமியை இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் தண்ணீர்ப் பாக்கெட்டு, பாலிதீன் பை, காகிதக் கோப்பை, எச்சில் இலை இந்த நான்கு விஷயத்தில் மாத்திரம் எல்லா மதத்தாருக்கும் பூரண ஒற்றுமை ஏற்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

2023-ஆம் வருஷம் ஏப்ரல் 22 முதல் மே 3 வரையில் திருக்காஞ்சியில் சங்கராபரணி புஷ்கரணி என்று 12 நாள் விழா நடந்தது. வியாழக் கிரகம் மேஷ ராசிக்குள் போகின்றதாம். ஆகையால் அந்த ஆற்றில் முழுகினால் புண்ணியமாம். வியாழன் என்பது நமக்கு மிக நெருங்கி வருகின்ற காலத்திலேயே ஏறத்தாழ 59 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்ற ஒரு வாயு உருண்டை. அது சூரியனைச் சுற்றிவர 12 வருஷத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அது நம் சங்கராபரணியை அறியாது. செஞ்சி மலைப்பக்கத்தில் பிறந்து நம் கொம்யூன் வழியாகக் கடலுக்குப் போகிற ஓர் ஆறு உண்டு என்பதே அதற்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அதன் பேரைச் சொல்லி முழுகிய மனிதன் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறான். பிண்டம் வைத்த இலை, மாலை, மண்சட்டி, கர்ப்பூர டப்பி, அவன் சாப்பிட்ட பொட்டலக் காகிதம் எல்லாம் ஆற்றோடு. "புண்ணிய தீர்த்தம், எதைப் போட்டாலும் அழுக்காகாது" என்று புரோகிதர் சொல்லிவிட்டார். அழுக்காகாத தீர்த்தத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அந்தப் புரோகிதர் வீட்டுச் சமையலுக்கு அனுப்பினால் வாங்கிக் கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தத் திருக்காஞ்சிக்கே ஒரு தலபுராணம் உண்டு. காசிக்குக் கொண்டுபோன அஸ்தி இந்த இடத்தில் பூவாக மாறிற்றாம்! ஆகவே இது காசியிலும் வீசம் அதிகமாம். சாம்பல் பூவானது என்று நம்புகின்றவன், குப்பை புகையாய்ப் போனால் ஒழிந்தது என்று நம்புவதில் வியப்பென்ன? இரண்டுக்கும் மூலம் ஒன்றேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று நினைப்பது.

பொருள் அழிவதில்லை, உருவம் மாறுகிறது. இது பள்ளிக்கூடத்துப் பையன்கள் படிக்கின்ற பாடம். ஒரு கிலோ பாலிதீனை எரித்தால் ஒரு கிலோவுக்கும் அதிகமான வாயு வானத்திற்குப் போகிறது. ஏனென்றால் எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் அத்துடன் சேருகிறது. இதற்குச் சமீபத்திய சாட்சி வேண்டுமானால் போபாலைப் பாருங்கள். 1984-இல் ஆயிரக் கணக்கான ஜனங்களைக் கொன்ற அந்த யூனியன் கார்பைடு ஆலையின் விஷக் கழிவு 337 டன் 40 வருஷமாய்க் கிடந்து, 2025-இல் பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. எரித்து முடித்த பிறகு கிடைத்த சாம்பலும் மிச்சமும் எவ்வளவு தெரியுமா? 800 டன்னுக்கு மேல்! எரிக்கும்போது வாயுவை அடக்கச் சேர்த்த சுண்ணாம்பு முதலியவைகளும் சேர்ந்துகொண்டபடியால் போட்டதைவிட வந்தது இரண்டு பங்குக்கு மேலாகிவிட்டது. பிறகு அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்று ஒரு புது வழக்கு.

இனி யந்திரத்தின் சங்கதியைப் பார்ப்போம். சரியான எரி உலைக்கு இரண்டு அறைகள் இருக்க வேண்டும். முதல் அறையில் குப்பை எரியும். சூடு சுமார் 800 டிகிரிக்குக் குறையக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் புகை இரண்டாவது அறைக்குள் போய், அங்கே 1050 டிகிரிச் சூட்டில் குறைந்தது 2 விநாடி தங்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவுக்காக இந்திய சர்க்கார் 2016-இல் செய்த விதிகளில் சொல்லியிருப்பது இது. எதற்காக இவ்வளவு சூடு? குளோரின் கலந்த பிளாஸ்டிக், உதாரணமாக நம் ஊர்த் தலைவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் பிளக்ஸ் பேனர், குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்கின்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. 1976-இல் இத்தாலி தேசத்தில் செவேசோ என்கிற ஊரில் ஒரு ஆலையிலிருந்து இந்த நஞ்சு வெளிப்பட்டு, ஜனங்களை வீடு வாசலை விட்டு அப்புறப்படுத்த வேண்டி வந்தது. இது புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றில் போய், பாலில் வந்து, குழந்தையின் உடம்பில் சேருகிறது. சேர்ந்ததில் பாதி குறைவதற்கே 7 முதல் 11 வருஷம் வரை ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. கோமாதாவைக் கும்பிடுகின்றவர்கள், கோமாதா மேய்கின்ற புறம்போக்கில் பிளக்சைக் கொளுத்துவதை என்ன சாஸ்திரத்தில் கண்டார்களோ தெரியவில்லை.

அதே விதிகளில் புகைபோக்கி தரையிலிருந்து 30 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 30 மீட்டர் என்றால் பத்து மாடிக் கட்டிடம். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகின்ற வண்டியின்மேல் பத்து மாடி உயரத்திற்குக் குழாய் நிறுத்துவது எப்படி? தேருக்குக் கூட அவ்வளவு உயரம் வைக்க மாட்டார்கள். மின்சாரக் கம்பியில் இடிக்கும். ஆகவே வண்டியில் வருகின்ற உலையின் புகை மனிதன் மூக்குக்குச் சற்று மேலே விடப்படும் என்பதுதான் பச்சை உண்மை. அன்றியும், ஒரு இடத்தில் நிலையாய் இரவு பகலாக எரிகின்ற உலை சூடாகவே இருக்கும். முகாமுக்கு முகாம் போகின்ற உலையோ ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த நிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டீசலை எரித்து அறையைச் சூடாக்கிய பிறகுதான் குப்பையைப் போட வேண்டும். கூலிக்கு அமர்த்தப்பட்டவன் பின்னால் பஞ்சாயத்து மேஸ்திரி நின்றுகொண்டு "சீக்கிரம் முடி" என்று விரட்டினால், அவன் டீசலை மிச்சம் பிடித்து முதலிலேயே குப்பையைத் திணிப்பான். அவனைக் குற்றஞ்சொல்ல என்ன இருக்கிறது?

நம் ஊர்க் குப்பையின் யோக்கியதையையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் குப்பை என்றால் காகிதமும் அட்டைப் பெட்டியும் நிறைய. நம் குப்பையோ சாம்பாரில் நனைந்த வாழை இலை, வெந்த சோறு, பூசணித் தோல், இளநீர் மட்டை, பூமாலை. நூறு கிலோவில் எழுபது கிலோ தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்க மாத்திரம், ஒரு பொட்டுச் சூடும் வீணாகாமல் போனாலும், 5 லிட்டர் டீசல் கொடுக்கின்ற சூடு வேண்டும். அதாவது இலையை எரிப்பதாகச் சொல்லிக்கொண்டு தண்ணீர் காய்ச்சுகிறோம். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. 1987-இல் தில்லி திமார்ப்பூரில் டென்மார்க் தேசத்திலிருந்து யந்திரம் தருவித்து, தினம் 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதாக ஒரு பெரிய உலை கட்டினார்கள். அது 21 நாள்தான் ஓடிற்று. குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம், அது எரிகின்ற குப்பை அல்ல என்று கண்டு மூடிவிட்டார்கள். பல கோடி ரூபாய் போட்ட தில்லி சர்க்காருக்கே 21 நாளில் தெரிந்துபோன சங்கதி, வில்லியனூருக்குத் தெரிய இன்னொரு யந்திரம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது அவசியமா?

"அப்படியானால் எரி உலையே கூடாது என்கிறீரா?" என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் 1874-இல் முதல் குப்பை உலை வந்தது முதல், அது மனிதனுக்குச் செய்திருக்கும் நன்மையும் உண்டு. 2014, 2015-ஆம் வருஷங்களில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்கின்ற கொள்ளை நோய் பரவியபோது, காட்டோரத்தில் போட்ட சிகிச்சை முகாம்களில் நோயாளியின் படுக்கை, துணி, வைத்தியரின் கையுறை இவைகளை அங்கேயே எரிக்காமல் வேறு வழியில்லை. ரோடு இல்லாத நாடுகளில் அம்மை ஊசி, போலியோ ஊசி போடுகின்ற முகாம்களுக்கென்று, செங்கல்லை வைத்தே கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய உலையை இங்கிலாந்தில் டி மாண்ட்ஃபோர்ட் சர்வகலாசாலையார் ஆராய்ந்து கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பல தேசங்களில் அது உபயோகப்பட்டிருக்கிறது. இரத்தம் தோய்ந்த பஞ்சும் நோய்க்கிருமி ஒட்டிய துணியும் நாய் நரி இழுத்துப்போகக் கிடப்பதைவிட எரிவது நூறு மடங்கு மேல். எதை எரிப்பது, எங்கே, யார் பொறுப்பில் என்பதுதான் கேள்வி.

எங்கே என்பதைச் சற்று யோசியுங்கள். தென் துருவத்தில் அண்டார்ட்டிகா என்கின்ற பனிக் கண்டத்தில் பல தேசத்து விஞ்ஞானிகள் முகாம் போட்டிருக்கிறார்கள். நம் இந்தியாவுக்கும் அங்கே மைத்ரி, பாரதி என்று நிலையங்கள் உண்டு. அதைவிட எட்டாத முகாம் பூமியில் இல்லை. அங்குள்ள குப்பையைப் பற்றி 1991-இல் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை என்ன சொல்லுகிறது? திறந்த வெளியில் குப்பை கொளுத்துவதை 1998-99 பருவத்தின் முடிவோடு அடியோடு நிறுத்திவிட வேண்டும், பி.வி.சி., தெர்மாக்கோல் போன்றவைகளை எரிக்கவும் கூடாது, போடவும் கூடாது, கொண்டுவந்தவனே கப்பலில் ஏற்றித் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்கிறது. ஆயிரக் கணக்கான மைல் பனிக்கடலைத் தாண்டி ஒருவன் தன் குப்பையைக் கப்பலில் திருப்பிக் கொண்டுபோகிறான். திருக்காஞ்சியிலிருந்து வில்லியனூருக்குச் சில கிலோமீட்டர். பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு மோட்டாரில் ஒரு மணி நேரம் கூட இல்லை. இங்கே குப்பையைத் திருப்பி எடுத்துப் போக முடியாது, அங்கேயே கொளுத்தத்தான் வேண்டும் என்றால், அது தூரத்தினால் வந்த கஷ்டமா, சோம்பலினால் வந்த கஷ்டமா?

பட்டாளத்து முகாம்களிலும் இப்படித்தான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அமெரிக்கப் பட்டாளம் பெரிய குழி வெட்டி, பிளாஸ்டிக், பெயிண்டு, பாட்டரி, மருந்து எல்லாவற்றையும் விமான எண்ணெயை ஊற்றிக் கொளுத்திக் கொண்டிருந்தது. சண்டையில் சாகாத சிப்பாய்கள் ஊர் திரும்பி வந்து மூச்சுத் திணறலாலும் புற்றுநோயாலும் அவதிப்பட்டார்கள். "குழிப் புகையினால் வந்தது என்று நிரூபி" என்று அவர்களை வருஷக் கணக்கில் அலைக்கழித்துவிட்டு, 2022-இல்தான் அந்நாட்டுச் சட்டசபை அவர்களுக்கு வைத்திய வசதியும் உபகாரச் சம்பளமும் கொடுக்கச் சட்டம் செய்தது. நம் புதுவையில் சொல்தா வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பென்ஷன் என்றால் என்ன, அதை வாங்க எவ்வளவு காகிதம் வேண்டும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு சட்டமாவது வந்தது. நம் ஊரில் குப்பைமேட்டுப் புகையைத் தினந்தோறும் முகத்தில் வாங்குகிறவனுக்கு எந்தச் சட்டசபை பென்ஷன் கொடுக்கப் போகிறது?

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயத்திற்கு வருகிறோம். யந்திரம் வாங்கினால் அதை யார் ஓட்டுவது? தேர் வடம் பிடிக்கக் கவர்னர் வந்தார். எச்சில் இலை வண்டியின் வடத்தைப் பிடிக்க யார் வந்தார்கள்? தேர் போன மறுநாள் விடியற்காலையில் மாட வீதியைப் போய்ப் பாருங்கள். கையுறை இல்லாமல், முகத்திற்கு ஒரு துணிகூட இல்லாமல் குனிந்து பொறுக்குகிற பெண் எந்த ஜாதி என்று கேட்க வேண்டியதே இல்லை. யார் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்களோ, அவர்கள் கையால்தான் சாமியின் எச்சிலும் துடைக்கப்படுகிறது. துடைத்த பிறகு தெரு 'சுத்தம்'. துடைத்தவர்கள் மாத்திரம் 'அசுத்தம்'. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், போதாதென்று 2013-இல் மறுபடியும் ஒரு சட்டம் செய்தார்கள். சட்டம் துடைப்பத்தின் பேரை மாற்றிற்று; அதைப் பிடித்த கையை மாற்றவில்லை. நாளைக்கு உலை வந்தால், அதன் வாயருகே நின்று 800 டிகிரி அனலில் குப்பையைத் தள்ளப் போகிறவனும், ஈயமும் காட்மியமும் கலந்த சாம்பலை மறுநாள் வாரப் போகிறவனும் அதே சேரியிலிருந்துதான் அழைத்து வரப்படுவான். யந்திரத்திற்கு ஆயுத பூஜை செய்து பொட்டு வைக்க மாத்திரம் வேறு ஆள் வருவார்.

நஞ்சுக்கு ஜாதி தெரியாது என்பதையும் மேல் வீதிக்காரர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். 2024 ஜூன் 11-இல் வில்லியனூர் போகிற வழியிலுள்ள ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கக்கூசுக்குள் ஏறி மூன்று பெண்கள் மாண்டுபோனார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சிறுமி. அவர்கள் சாக்கடையில் இறங்கியவர்கள் அல்ல. தங்கள் வீட்டில் இருந்தவர்கள். மற்றவன்தானே இறங்குகிறான், நமக்கென்ன என்று ஒரு ஊர் நினைத்துக் கொண்டிருந்தால் அது குழாய் வழியாக நடுவீட்டுக்கே வந்து சேரும்.

சரி, என்னதான் செய்வது? செய்வதற்கு ஒன்றும் அதிசயமான மார்க்கம் வேண்டியதில்லை. இலை, சோறு, பூ, காய்கறித் தோல் இவை குப்பையே அல்ல, எரு. ஆல்பர்ட் ஹோவர்டு என்கிற வெள்ளைக்காரர் 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்துகொண்டு, நம் குடியானவர்களும் சீனத்துக் குடியானவர்களும் செய்து வந்ததைப் பார்த்து, மக்கு எரு செய்வதை ஒரு முறையாக வகுத்தார். 'இந்தூர் முறை' என்று உலகமெல்லாம் அதைச் சொல்லுகிறார்கள். குவியலை முறைப்படி அடுக்கிக் காற்றுப் படும்படி புரட்டிவிட்டால், உள்ளே தானாகவே 60 டிகிரி வரை சூடு ஏறிக் கிருமிகள் சாகின்றன. டீசல் இல்லை, புகைபோக்கி இல்லை. புதுவைக்கு நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பாகூரில் வயலுக்கு எரு வேண்டாம் என்கிற குடியானவன் யார்? யூரியா மூட்டைக்குக் கியூவில் நிற்கிற ஊரில், எருவை டீசல் ஊற்றிக் கொளுத்துவதைப் போன்ற முட்டாள்தனம் வேறென்ன இருக்க முடியும்?

இந்தப் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வித்தியாஸ்தானம் ஒன்றுக்காக மூன்று கிராமங்களை மானியமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. வேதமும் அதைச் சேர்ந்த சாஸ்திரங்களும் ஓதுகிறவர்கள் கவலையில்லாமல் ஓத வேண்டும் என்று மூன்று கிராமத்து வரும்படி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் மானியம் யாருக்குப் போயிற்று என்பதற்கு அந்தச் செப்பேடே சாட்சி. வீதி பெருக்கினவன் பேரில் வெட்டிய செப்பேட்டை யாராவது கண்டதுண்டா?

பாலிதீன் சங்கதி வேறு. அது மக்காது. அதை வராமல் தடுப்பதுதான் வழி. ஒருமுறை உபயோகித்து எறிகின்ற பிளாஸ்டிக்கைப் புதுவை சர்க்கார் 2019 ஆகஸ்டு முதல் தேதியிலும், இந்திய சர்க்கார் 2022 ஜூலை முதல் தேதியிலும் தடை செய்தார்கள். தடை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. பை கடையில் பத்திரமாக இருக்கிறது. கல்யாண வீட்டிலும் கோவிலிலும் எவர்சில்வர் டம்ளர் வைத்துத் தண்ணீர் கொடுத்த காலம் நம்மில் பலர் கண்ட காலம்தான். டம்ளர் கழுவ ஆள் கூலி கொடுக்க மனமில்லாமல்தான் பாக்கெட்டு வந்தது. அந்தக் கூலியை மிச்சம் பிடித்த கோவில் தர்மகர்த்தாவும் விழாக் கமிட்டியாரும், குப்பையை அள்ளும் செலவை மாத்திரம் கொம்யூன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? உண்டியல் பணம் சாமிக்கு, குப்பை ஊருக்கா?

2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டம் கூட்டுகின்றவன் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளூர் ஸ்தாபனத்துக்கு அறிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே தரம் பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பும் அவனையே சேர்ந்தது என்று சொல்லியிருந்தார்கள். தெருவிலும் பொது இடத்திலும் எரிப்பது, புதைப்பது, நீர்நிலையில் எறிவது எல்லாம் குற்றம் என்றும் அதிலேயே இருந்தது. இதில் கோவிலுக்கு ஒரு விலக்கு, சர்ச்சுக்கு ஒரு விலக்கு, கட்சி மாநாட்டுக்கு ஒரு விலக்கு என்று எழுதியிருக்கவில்லை. நம் மாநாடுகளுக்கும் இது பொருந்தும். கூட்டம் முடிந்த பந்தலில் நாம் விட்டுவிட்டு வருகிற சோற்றுப் பொட்டலங்களைப் பார்த்து, நம்மைப் பரிகசிக்கப் பக்தனுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்றால், அதுவும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர் 1880-லேயே கொம்யூன் ஏற்படுத்தி மேரி கட்டினார்கள். சுதந்திரம் வந்த பிறகோ 1968-இல் ஒரு தேர்தல்; பிறகு 38 வருஷம் தூங்கி, கோர்ட்டு தட்டி எழுப்பின பிறகு 2006-இல் ஒரு தேர்தல். அதில் வந்தவர்கள் காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு 2025 முடியும் வரையில் தேர்தல் இல்லை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மெம்பர் தெருவில் இருந்தால், குப்பை நாறும்போது அவர் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். கமிஷனர் உத்தியோகஸ்தர், இன்றைக்கு வருவார், நாளைக்கு மாறிப் போவார்.

வெள்ள முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. பிறகு சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. அப்படிப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடங்களில் அடைபட்டிருக்கும் ஜனங்களின் குப்பையை, குழந்தைகளின் மலத்துணியை, பெண்களின் தீட்டுத்துணியை (இதைப் பற்றி எழுதக் கூச்சப்படுகின்ற பத்திரிகைகள் நிரம்ப இருப்பதால் நாமே எழுதுகிறோம்) எங்கே வைப்பது? எரிக்க விறகும் நனைந்திருக்கும். புதைக்கத் தரையும் தண்ணீராய் இருக்கும். மூடியுள்ள பீப்பாய்கள் சில, வெவ்வேறு வர்ணப் பைகள் சில, தண்ணீர் வடிந்தவுடன் வருகின்ற லாரி ஒன்று, இவை முன்கூட்டியே ஒவ்வொரு முகாம் பள்ளிக்கூடத்திலும் இருந்தால் போதும். உலையை இழுத்துவர அந்த நாளில் ரோடே இருக்காது.

மருத்துவ முகாம்களுக்கும் விதி தெளிவாகவே இருக்கிறது. ஊசி போடுகிற முகாம், இரத்ததான முகாம், கண் முகாம் எதுவானாலும், போட்டவர்களே அந்த ஊசியையும் பஞ்சையும் எடுத்துக் கொண்டுபோய்ப் பொது உலைக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பிக்கவே முடியாத தூரக் கிராமங்களில் மாத்திரம் இரண்டு மீட்டர் ஆழம் குழி வெட்டி, பாதி மட்டும் கழிவை நிரப்பி, சுண்ணாம்பு போட்டு, மண்ணால் மூடி, நாய் தோண்டாதபடி கம்பி வலை போட வேண்டும். ஆனால் வில்லியனூரும் பாகூரும் எட்டாத தூரமல்ல. நம் கொம்யூன்களிலேயே பெரிய பெரிய வைத்தியக் காலேஜுகள் நிற்கின்றன. முகாம் போட்டு, பேனர் கட்டி, போட்டோ பிடித்துக் கொள்ள வருகின்ற வண்டியில் ஊசி டப்பாவைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக இடம் இல்லாமல் போகாது.

ஆகவே, வருகிற மாசி மகத்துக்கும் வைகாசித் தேருக்கும் முன்பாகக் கொம்யூன் ஆபீசுக்கு மனு எழுதப் போகின்ற தோழர்கள், "யந்திரம் வாங்குக" என்பதை அடித்துவிட்டு இவைகளை எழுதட்டும்: ஆற்றங்கரையில் துணி போடத் தனித் தொட்டியும், காவலுக்கு ஆளும், எச்சில் இலைக்குப் பக்கத்திலேயே எருக்குழி, விழாக் கமிட்டியிடம் முன்பணமாகக் காவல் தொகை, குப்பை அள்ளி முடிந்த பிறகே வாபஸ், துப்புரவுத் தோழர்களுக்குக் கையுறை, பூட்ஸ், இரட்டைக் கூலி, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும். இத்தனையும் செய்த பிறகும் எரிக்க வேண்டிய மிச்சம் இருந்தால், அதை மூட்டை கட்டி நிறுத்து, எத்தனை கிலோ என்று ஆபீசுப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உலை வேண்டுமா என்பதைப் பேசலாம்.